புறங்கை

பேஸ் கிடாரைச் சாதாரண கிடார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி வாசிக்கலாம். தப்பில்லை. சத்தத்தை மட்டும் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, ஐயா. பொருந்தாத பெட்டியில் வாசித்ததால்தான் சவுரிராயன் கரண்ட் அடித்துச் செத்தான் என்று திண்டிவனம் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் ஏட்டுகூட டீக்கடையில் அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தார். தவறான விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. அதனால்தான் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன்.

பொருந்தாத பெட்டியில் வாசித்தால் ஸ்பீக்கர்தான் கெடும். உள்ளே ஒரு காகிதக் கூம்பு இருக்கிறது. அது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுவதுதான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. கிடாரின் மெல்லிய கம்பிக்குக் கூம்பு கொஞ்சம் அசைந்தால் போதும். பேஸின் தடித்த கம்பிக்கு அது நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும், அதற்கு நெடுக ஓட வேண்டும். பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு நெல் தூற்றினால் விசிறி என்ன ஆகும்? அப்படித்தான். சத்தத்தை ஏற்றினால் கூம்பு ஓரத்தில் கிழியும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. வருகிறவர்கள் ரேடியோவை வைத்துவிட்டுப் போவார்கள், பிறகு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் உட்காருவதில்லை. அது ஏன் பாடவில்லை, இப்போது எப்படிப் பாடுகிறது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கும். அவர்களுக்குப் பாடினால் போதும்.

சவுரிராயன் உட்கார்ந்தான்.

அவனுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலெண்ணெய் ஆட்டும் மில்லில் வேலை. சாயங்காலங்களில் அமீருதீன் பாயின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பான். கோட்டக்குப்பத்துக்காரரான பாய்க்கு அவருடைய அண்ணன் துபாயிலிருந்து பேஸ் கிடார் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குரிய பெட்டி கனம் என்று விட்டுவிட்டார். சாதாரண கிடாருக்காக நான் செய்துவைத்திருந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கிப்போனார்கள். சீக்கிரமே கூம்பு கிழிந்தது. சவுரிராயன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

“இன்னாண்ணே இது? பாட சொன்னா இருமுது உன் பெட்டி.”

“பெட்டிய சொல்லாத. நீ முழுசா ஏத்திக்கினு வாசிச்சா அது இன்னா பண்ணும்?”

“எனக்கே கேக்கலண்ணே. டிரம்ஸ்காரன் காதாண்ட குந்திக்கினு சாத்துறான். பேஜாரா கீது.”

கிழிந்த இடத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிக் காயவிட வேண்டும். காய ஒரு பகல் ஆகும். அந்தப் பகல் முழுக்க அவன் என்னோடு இருந்தான். ஸ்பீக்கர் காந்தத்தில் ஸ்குரூவை ஒட்டவைத்து விளையாடிக்கொண்டே கேள்வி கேட்டான். ஒன்றுக்குப் பதில் சொன்னால் அதிலிருந்தே அடுத்ததைக் கேட்டான். மத்தியானம் என் சோற்றைப் பாதியாக்கிச் சாப்பிட்டோம். பெட்டியைத் தரையில் வைக்காமல், பின்னால் ஒரு நாற்காலியில் காதுக்கு நேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். குறைவாக வைத்தாலும் அவனுக்குக் கேட்கும். கூட்டத்துக்குக் கேட்க பெட்டிக்கு முன்னால் ஒரு மைக் போதும்.

அது நல்ல யோசனை. அவ்வளவு நல்ல யோசனை என்பதால் கூம்பு கிழியவில்லை. அவன் வரவும் இல்லை.

வெகுநாள் கழித்து, செருகும் இடம் லூசாகிவிட்டது என்று வந்தான். சரிசெய்துவிட்டு, அவன் டீ வாங்கப் போனபோது, கூம்பின் ஓரத்தில் பிளேடால் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல் போட்டேன். சில கச்சேரி தாங்கும், பிறகு தானாகப் பெரிதாகும். அப்படியே ஆயிற்று, வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பெட்டியை மூடுவதற்கு முன் கீறினேன். அவன் தன்னையே நொந்துகொண்டான்.

“என் கைதாண்ணே சரியில்ல. பூ மாதிரி வாசிச்சாலும் கிழியுது. பாய் வேற, வாசிக்கிறியா தடவிக் குடுக்கிறியான்னு கேக்குறாரு.”

“பரவால்ல, பழகப் பழக வந்துடும்” என்று சொன்னேன்.

இப்போது புறங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் எர்த் இருக்காது. அதனால் கச்சேரிக்காரர்கள் கம்பியையும் மைக்கையும் பிடிக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கரண்ட் கையை மூடவைக்கும். உள்ளங்கையால் தொட்டால் கை அதையே இறுக்கிக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் விலகிவிடும். சவுரிராயன் பந்தல்காரனின் டியூப்லைட் கம்பத்தைக்கூட அப்படித்தான் தொடுவான். என் பெட்டியில் செருகிய கிடாரை மட்டும் நேராக உள்ளங்கையால் பிடிப்பான். முதல் தடவை நான் கண்டித்தேன்.

“உன் பெட்டிக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?” என்று சிரித்தான்.

போன மாசம் அவன் வெறுங்கையோடு வந்தான். பெட்டி இல்லாமல் அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, பாயோட அண்ணன் அசல் பேஸ் பெட்டியே கொண்டாராரு. இனிமே உனக்குத் தொல்ல இல்ல. இன்னும் ஒரே ஒரு கல்யாணம். அதோட இந்தப் பெட்டிய நீயே வெச்சிக்க.”

“சரி. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி கொண்டா, பாத்துத் தரேன்.”

“உனக்குத்தாண்ணே என்மேல எவ்ளோ அக்கறை” என்றான். ஜல்தியாகக் கிளம்பிவிட்டான், பஸ் பிடிக்க. உட்காரவில்லை.

கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாகப் பெட்டியின் தகட்டோடு சேர்ந்திருக்கும். பாடகர் மைக் சவுண்டு சர்வீஸ்காரருடைய வேறொரு பெட்டியோடு சேர்ந்திருக்கும், அவர் மண்ணில் கம்பி அடித்துத் தனியாக எர்த் போட்டுக்கொள்வார். ஒன்றில் கையும் இன்னொன்றில் வாயும் பட்டால், நடுவில் இருப்பது ஆள். சொன்னபடி அவன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, நான் உள்ளே ஒரு வயரை இடம் மாற்றிவைத்தேன். காகிதம் கொடுத்தால் வரைந்து காட்டுகிறேன். பயமுறுத்தத்தான் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் எவ்வளவு கரண்ட் வரும் என்று எனக்குத் தெரியும், ஐயா. அந்தத் தடவை கூம்பைக் கீறவில்லை. அவசியமில்லை.

கச்சேரிக்கு நானும் போனேன். பெட்டியை நாற்காலியில் வைத்து, செருகி, சுவிட்சைப் போட்டவன் நான்தான். வெளிச்சம் இன்னும் போகவில்லை, பெண் மாப்பிள்ளை மேடைக்கு வரவில்லை. அமீருதீன் பாய் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“டேய் ராயா, தொட்டுப் பாத்துக்கடா. மண்டபம் பழசு.”

“அண்ணன் வந்து போட்டுக் குடுத்துருக்காரு பாய். இதுக்குமேல இன்னா?”

கிடாரை மாட்டி, இடக்கையால் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தான். மைக்கை நெருங்கி ‘ஹலோ’ சொல்லப் போனான். சொல்லி முடிக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கியதும் நான்தான். கொஞ்சம் தாமதமாகப் பிடுங்கினேன். அது யாருக்கும் தெரியவில்லை. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சரியான பெட்டியை முன்னாலேயே வாங்கிக் கொடுக்காமல் தானே கொன்றுவிட்டதாக. அது தப்பு என்று அவருக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புதுப் பெட்டி நேற்று வந்தது. பாய் கேட்டுக்கொண்டார் என்பதால் திறந்து பார்த்தேன். தடித்த கூம்பு, ஓரத்தில் ரப்பர். எவ்வளவு ஏற்றினாலும் கிழியாது. அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

ஆனால் ஒன்று, ஐயா. அதை அவன் முதலில் புறங்கையால்தான் தொட்டிருப்பான்.