முதலில் வந்து நிற்கும் பெயர்

செத்தவர் திரும்புவதில்லை, கணினி பொய் சொல்வதில்லை. நாகரிக உலகம் இந்த இரண்டு தூண்களின் மேல்தான் நிற்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில், லியோனோரா ஊருக்குத் தெற்கே, ஏசி ஒழுகும் ஒரு தகரக் கொட்டகையில், ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டும் சேர்ந்தே சரிந்தன.

நெருப்புக்குக் கிட்டே வாருங்கள். நம் வெல்டர் ஜெட்டின் அக்கா ப்ரான்வின், தங்கச் சுரங்கத்தில் கணினி வேலை பார்ப்பவள். அன்று கங்காருகூடக் குறுக்கே வராத செம்மண் சாலையில் அந்தக் கொட்டகைக்குத் தனியாக வண்டி ஓட்டிப் போனாள். மறுநாள் பழைய குழியைச் சிமெண்ட் ஊற்றி மூடப்போகிறார்கள். உள்ளே யாருமில்லை என்று மேலாளர் க்ராண்ட் கையெழுத்துப் போட வேண்டும்.

முன்பெல்லாம் குழிக்குள் இறங்குகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டுவார். ஏறி வந்ததும் கழற்றுவார். ஒரு வில்லை தொங்கினாலும் குழியை மூடக்கூடாது. க்ராண்ட் அந்தப் பலகையைக் கழற்றி எறிந்து, 'நாளைய சுரங்கம்' என்று உரையாற்றி, கேக் வெட்டி, அட்டை தேய்க்கும் கருவி வைத்தார். விதி மட்டும் மாறவில்லை.

ப்ரான்வின் கருவியின் சிஎஸ்வி கோப்பைத் திறந்தாள். இறங்கியவர்களின் பெயர்கள் ஒரே நெடுவரிசையில், ஆயிரக்கணக்கான வரிகள். ஒரே ஆள் நூறு தடவை. பைத்தான் நிரலில் அதை 'செட்' என்ற தொகுப்பாக்கினால் ஒவ்வொரு பெயரும் ஒருமுறைதான் நிற்கும். அத்தனை பேரும் மேலே வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

முதல் பெயர்… காலின் ட்ரெலோர்.

இதே குழி முன்பு சரிந்தபோது உள்ளே புதைந்துபோனவர். உடல் கிடைக்கவில்லை. அட்டைக் கருவி வருவதற்கு வெகுகாலம் முன்பு.

கோப்பில் தேடினாள். அந்தப் பெயரே இல்லை. நிரலை மறுபடி ஓட்டினாள். செட்டுக்கு வரிசை கிடையாது. ஓட்டும்தோறும் சீட்டுக் குலுக்கியதுபோல் பெயர்கள் இடம் மாறும். மாறின. காலின் மட்டும்… முதலிலேயே நின்றார்.

மாதக்கணக்காக மழை காணாத ஊர். அறைக்குள் ஈரக் கல்லின் வாடை. பின்னால்… டிங். பித்தளை.

அவள் திரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு க்ராண்ட் வந்தார். திரையைப் பார்த்தார். இது மென்பொருள் கோளாறு, உலகத்தரமான நிறுவனங்களிலும் நடப்பதுதான் என்று நெடுநேரம் விளக்கினார்.

"ஒரு பேருதான ப்ரான். தூக்கிடு. விடிஞ்சதும் சிமெண்ட் லாரி வந்துரும்."

"ஆள் மேல வரல, க்ராண்ட். பேர் இருக்கறவரைக்கும் குழிய மூடக்கூடாது. வேணும்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிக்க."

அப்படியே தூக்கியாயிற்று என்றார். அவள் எழுந்திருக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் விசைப்பலகையை இழுத்து, காலினை விலக்கும் வரியை ஒற்றை விரலால் தட்டினார். ஓட்டினார்.

காலின் இல்லை. முதலிடத்தில்… க்ராண்ட் ஹோலிஸ்.

மறுபடி ஓட்டினார். மற்றப் பெயர்கள் கலைந்தன. அவர் பெயர் அசையவில்லை. அந்தக் குழியை அவர் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

டிங். இம்முறை அவர் காதுக்குப் பக்கத்தில்.

"உன்னையும் சேத்து மேல ஏத்தணும் போலருக்கே," என்றாள் ப்ரான்வின்.

தான் தட்டிய வரியை அவரே அழித்தார். காலின் திரும்பி வந்து நின்றார்.

லாரி பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டது. குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. ப்ரான்வின் வேலையும் போகவில்லை, அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். க்ராண்ட் கழிவறைக்குப் போகும்போதும் துணைக்கு ஆள் கூப்பிடுகிறார்.