பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

சாயங்காலம் ஏழு மணி. ஐப்பசி மழை. திருமழிசையிலிருந்து நசரத்பேட்டைக்கு வரும் பெங்களூர் சாலை… லாரி போனால் வெளிச்சம், போய்விட்டால் கும்மிருட்டு.

அந்தச் சாலையில்தான் பிரகாசம் டி.வி.எஸ். ஐம்பதில் வந்துகொண்டிருந்தான். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து, முதுகில் கிட்டார்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரிக்கு.

பின்னால் வந்த லாரி லேசாகத்தான் உரசியது. ஓட்டினவனுக்கே தெரிந்திருக்காது. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்… சின்னப் பாலத்துக்குக் கீழே, கோரைக்குள், சேற்றில்.

ஆள் சாகவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்… சாகவில்லை. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. மேலே சாலையில் போகிறவர்களுக்கு அவன் இருப்பதே தெரியாது.

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள், அதோ போர்வைக்குள் பதுங்கியிருக்கும் குணசேகரனைக் கேட்கலாம். அவனுடைய தாய்மாமன் துலுக்கானத்துக்கு நடந்தது இது. கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். அதுவே சாட்சி.

துலுக்கானம் பூந்தமல்லியில் மைக்செட் கடை வைத்திருந்தார். கச்சேரி என்றால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டி, எந்தக் குரல் ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று குமிழ் திருகுவார். சுத்தமான வேலைக்காரர். அவருக்கு ஆகாத ஒன்றே ஒன்று, பிரகாசத்தின் வயர்லெஸ்.

தொண்ணூற்று இரண்டில் பிரகாசத்தின் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒயரே கிடையாது. இவன் இடுப்பில் சோப்பு டப்பா மாதிரி ஒன்று. துலுக்கானத்தின் மேசையில் இரண்டு கொம்பு முளைத்த டப்பா ஒன்று. நடுவில் வெறும் காற்று.

ஒயர் இருந்தவரை பிரகாசம் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. ஒயர் போனதும் அவன் மேடையில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. வாசித்துக்கொண்டே கூட்டத்துக்குள் புகுவான். பந்தியில் உட்காருவான். ஆவடியில் ஒரு கல்யாணத்தில் மொட்டைமாடிக்குப் போய், வடாம் காய்ந்த பாயில் படுத்துக்கொண்டே நாலு பாட்டு வாசித்தான். கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் வேட்டி அவிழ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த டப்பாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஊரில் போகிறது வருகிறதையெல்லாம் பிடித்துவிடும். ஒருமுறை காதல் பாட்டு முடிந்த கையோடு போலீஸ் வயர்லெஸ் புகுந்து, “அக்யூஸ்ட் தப்பிச்சிட்டான், ஓவர்” என்றது. பெண்வீட்டார் எழுந்து மாப்பிள்ளையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றையிலிருந்து துலுக்கானம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் கிட்டார்க் குமிழைத் துளி சத்தம் இல்லாமல், பதவிசாக மூடிவிடுவார். அடுத்த பாட்டு எடுக்கும்போது திறப்பார்.

சரி… மண்டபத்துக்கு வருவோம்.

ஏழரை ஆகியும் பிரகாசம் வரவில்லை. அவன் பெண்சாதி அருள்செல்விதான் குழுவில் பாடுகிறவள். பட்டுப்புடவை முந்தானையைத் திருகிக்கொண்டு துலுக்கானத்திடம் வந்தாள்.

“அண்ணாத்தே, இந்நேரத்துக்கு வந்திருக்கணும். மழ வேற. யாரையாச்சும் ரோட்டுப் பக்கம் அனுப்புங்க.”

“ஏய் ராயப்பா, இன்னாடா ஆடினு கீற? வண்டிய எடு. உங்க மாமன் எங்கனா நனைஞ்சிகினு நிப்பான், பாத்து இட்டுகினு வா.”

டிரம்ஸ் வாசிக்கிற ராயப்பன், அருள்செல்வியின் தம்பி, வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

அப்போது…

டொய்ங்.

ஸ்பீக்கரில் கிட்டார். மேல்தந்தி ஒரு தரம். கீழ்த்தந்தி ஒரு தரம். பிரகாசம் சுருதி சேர்க்கிற அதே தினுசு. மேசையில் கொம்பு டப்பாவின் பச்சை விளக்கு எரிந்தது.

“வந்துட்டாரு மாமே!” என்று ராயப்பன் ஸ்கூட்டரை அணைத்தான். “வட வாசன புடிச்சி நேரா சமையக்கட்டுல போய் உக்காந்துகினாரு பாரு.”

அருள்செல்விக்கு உயிர் வந்தது. “வரட்டும், ஊட்டுக்குப் போய் வெச்சிக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தாள்.

முதல் பாட்டு. கிட்டார் அப்படிக் குழைந்தது. பாட்டு முடிந்தது. துலுக்கானம் குமிழை மூடப் போனார். காதில்… தவளைகள். நூற்றுக்கணக்கான தவளைகள். மூடினார்.

இரண்டாவது பாட்டு முடிந்தது. ஒரு லாரி, தூரத்திலிருந்து வந்து, தலைக்கு மேலே ஏறிப் போகிற மாதிரி. பிறகு யாரோ மூச்சு வாங்கும் சத்தம். ஸ்பீக்கர்ப் பெட்டியிலிருந்து சேற்று வாடை அடித்தது. பன்னீரும் சந்தனமும் மணக்கிற மண்டபத்தில்… சேறும் டீசலும். துலுக்கானம் மூக்கைச் சுளித்துக்கொண்டு மூடினார்.

மூன்றாவது பாட்டு முடிந்து மண்டபம் கைதட்டும்போது ஹெட்போனில் குரலே வந்தது. ஈனசுரத்தில். கரகரவென்று.

“பாலத்தாண்ட… கீறேன்…”

கிட்டாருக்கு வாய் உண்டா? கிடையாது. நல்ல வேலைக்காரருக்கு அது தெரியும். ஆகவே துலுக்கானம் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், “தோ பார்றா, போலீசு ரவுண்ட்ஸ் வந்துடுச்சி” என்றார்.

மூடினார்.

அப்புறம் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அது வந்தது. அவர் காதில் வாங்கவே இல்லை. பாட்டு நின்றதும் கை குமிழுக்குப் போய்விடும். பாட்டு வந்தால் கிட்டார் ஒழுங்காக வரும். அருள்செல்வி சமையல்கட்டுப் பக்கமாகப் பார்த்துப் பாடினாள். அன்றைக்குப் பாடியதுபோல் அவள் பிறகு எந்த நாளும் பாடவில்லை.

கடைசிப் பாட்டின் பாதியில் கிட்டார் மெலிந்தது. கோவையாக வந்தது ஒற்றைத் தந்தியாயிற்று. பிறகு அதுவும் இல்லை. பச்சை விளக்கு அணைந்துபோயிருந்தது.

பாடி முடித்து அவள் சமையல்கட்டுக்கு ஓடினாள். சமையல்காரர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

“கிட்டார்காரா? இன்னிக்கு அவுரு வரவே இல்லியேம்மா. அவுருக்கு எடுத்துவெச்ச வட அப்டியே கீது.”

ராயப்பன்தான் தேடிக் கண்டுபிடித்தான். பாலத்துக்குக் கீழே. உடம்பில் சூடு இன்னும் இருந்தது. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் கிட்டார்ப் பெட்டி, பூட்டியது பூட்டியபடி. சோப்பு டப்பாவும் அதற்குள்ளேதான் இருந்தது. பேட்டரி போடவில்லை.

மண்டபத்திலிருந்து அந்தப் பாலம் எத்தனை மைல்! அது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். துலுக்கானத்துக்கே தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை அவர் அருள்செல்வியிடம் அடக்கத்தன்று சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தேவாலய வாசலில் அருள்செல்வி, “நடுவுல எதுனா கேட்டுச்சா அண்ணாத்தே?” என்று கேட்டபோது, “இல்லியேம்மா” என்றார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். கையில் வீட்டு ரேடியோ.

“இதக் கொஞ்சம் ரிப்பேர் பாருங்க.”

“இன்னாம்மா கம்ப்ளைண்ட்டு?”

“பாட்டெல்லாம் நல்லாத்தான் வருது… நீங்களே கேளுங்க.”

துலுக்கானம் திருகிப் போட்டார்.

கிட்டார். அந்தக் கல்யாணத்தில் வாசித்த அதே பாட்டு, அதே குழைவு. அருள்செல்வி கண்ணை மூடி, உதடு அசைய, கூடவே முணுமுணுத்தாள். பாட்டு முடிந்தது.

தவளைகள்.

கடைக்குள் சேற்று வாடை. ஒரு மூச்சு… இன்னொரு மூச்சு…

துலுக்கானம் இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டார்.

“பா…”

ரேடியோவின் குமிழ் திரும்பியது. யாரும் தொடவில்லை. வெடுக்கென்று இல்லை, தொட்டிலில் தூங்கும் பிள்ளை முழித்துவிடாதபடி தாழ்ப்பாள் போடுவதுபோல, துளி சத்தம் இல்லாமல், பதவிசாக. இருபது வருஷமாகக் குமிழ் திருகிய தன் கை தனக்கே தெரியாமல் போகுமா?

மூடிக்கொண்டது.

“பாத்தீங்களா அண்ணாத்தே? தெனம் இதே கததான். இன்னாவோ சொல்ல வர்றாரு பாவம்… அதுக்குள்ள மூடிடறாங்க.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“யாருண்ணே அது?”