நிந்தவூர்க் கடற்கரையில் ஓநாய்

கல்முனையில் நான் பஸ் ஏறியபோது மாரி மழைக்குக் கண்ணாடிகளை இழுத்து மூடியிருந்தார்கள். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"ஓநாயக் கண்டா ஓடப்படாது ராத்தா. நம்மளப் பெரிசாக் காட்டணுமாம்" என்றாள் இளையவள்.

"நிந்தவூர்ல ஏதுகா ஓநாய்?"

"எங்கட ஊட்டு மனிசனுக்குச் சீனி வருத்தம். டொக்டர் விடிய நடக்கச் சொல்லியிரிக்காரு. கனடாவுல பனிக்குள்ள நடக்கிற ஆக்களுக்கு ஓநாய் வருமாம். அங்க இரிக்கிற மகன் அந்த வீடியோவ வாப்பாவுக்கு அனுப்பிட்டான். இவர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாரு."

"பொறகு?"

"நேத்து சுபஹு தொழுதிட்டுக் கடக்கரையால போயிரிக்காரு. மழை இருட்டுக்குள்ள என்னமோ கறுப்பா வந்திரிக்கி. மனிசன் சாரனக் கழட்டி, ரெண்டு கையாலயும் தலைக்கு மேல விரிச்சிப் புடிச்சிக் கத்தியிரிக்காரு."

"யா அல்லாஹ்! உள்ளுக்குக் களிசான்?"

"அல்ஹம்துலில்லாஹ், போட்டிருந்தாரு."

"வந்தது நாயா?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்மட மகளுக்குப் பேசியிரிக்கிற மாப்பிள்ளட உம்மாவும் வாப்பாவும். அவங்களுக்கும் சீனி."

மூத்தவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப கலியாணம்?"

"பகலெல்லாம் எனக்குச் சோறு எறங்கல்ல. அசறுத் தொழுகைக்குப் பொறகு அந்த உம்மா போன்ல கோல் எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க, புள்ள?"

"அந்தப் பக்கம் கட்டாக்காலியாத் திரியிற நாய் கூடுதலாம். சம்மந்தி முன்னுக்கு நடந்தா அவங்களுக்குப் பயமில்லயாம்."