ஜெறோமின் நம்பர் பிளேற்

இந்த மாகாணத்தில் காரை விற்றால் நம்பர் பிளேற் காரோடு போகாது. அது விற்றவருக்கே சொந்தம். எங்கள் ஊரில் அப்படியில்லை. அங்கே ஒரு காருக்கு ஒரு நம்பர்தான், எத்தனை கை மாறினாலும் அதே நம்பர். புதிதாக வந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நீ இங்கே வளர்ந்த பிள்ளை, உனக்குத் தெரிந்திருக்கும்.

தேத்தண்ணியை முதலில் குடி, நிரூபா. இரண்டு பஸ் மாறி மல்வேர்னுக்கு வந்திருக்கிறாய், கையெல்லாம் விறைத்துப்போய் இருக்கிறது. வினோதனைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிவரச் சொல்லி நீ வேலைபார்க்கிற லோயர் அனுப்பியிருக்கிறார். அவனுடைய தாய் இராஜேஸ்வரி கொழும்பிலிருந்து போட்ட கடிதத்தையும் வாசித்துக் காட்டினாய். போன ஒக்ரோபரில் அவனைக் கனடாவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். தாய் விமான நிலையத்து வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். மகன் வெளியே வரவில்லை. 'அவன் இருந்த வீட்டு அன்ரியைக் கேளுங்கோ, அவவுக்கு என்ர பிள்ளையில சரியான பட்சம்' என்று எழுதியிருக்கிறார்.

பட்சமும் பாசமும் இருந்தது உண்மை. நான் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை, நீ ஆறுதலாக எழுது. தமிழ் எழுத்து ஓடாவிட்டால் சொல், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

நான் சொல்லும் பிளேற்றில் இலக்கம் ஒன்றும் இல்லை. ஆறு ஆங்கில எழுத்து, ஜெறோம் என்று வாசிக்கலாம். எங்கள் ஒரே மகனின் பெயர். எண்பத்தாறாம் ஆண்டு, கிளிநொச்சிக்குப் போன பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் இல்லை. நானும் என் மனுசன் நீக்கிலாப்பிள்ளையும் ஆமி முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றோம். 'நாளைக்கு வாங்கோ' என்பார்கள். போவோம். பிறகு கனடாவுக்கு வந்தோம்.

கல்லறை இல்லாத பிள்ளையின் பெயரை எங்கே எழுதுவது? இவர்தான் லைசன்ஸ் ஒபிசுக்குப் போய் அந்தப் பிளேற்றை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் காரை விற்றபோது அதை இரண்டு பக்கமும் கழற்றி, இரண்டாவது காரில் பூட்டினார். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே, "கிளடிஸ், இஞ்ச காரை விக்கலாம், பேரை விக்கேலாது" என்று சொன்னார். இந்தச் சட்டம் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். குளிர்காலத்தில் ரோட்டு உப்பு அந்த எழுத்துகளில் படியும். சனிக்கிழமைகளில் பழைய பல்லுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவேன். ஒரு தாய்க்குச் செய்வதற்கு ஏதாவது இருக்கவேண்டும்.

வினோதன் தொண்ணூற்று மூன்றில் எங்கள் நிலவறைக்கு வாடகைக்கு வந்தான். சண்டிலிப்பாய்ப் பிள்ளை, சைவம், அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவன். மாதா படத்துக்கு முன்னால் செருப்போடு நடக்கமாட்டான். சாப்பாடு மேலே எங்களோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்கமுன்னம் ஷொப்பிங் மோலின் வெறும் பார்க்கிங்கில் இவர் அவனுக்குக் கார் பழக்குவார். நான் பின் ஆசனத்தில் செபமாலையோடு இருப்பேன்.

"டேய், பிறேக்கை மிதியெண்டால் பூவை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறாய்."

"உங்கட கார் எண்ட மரியாதை, அங்கிள்."

"மரியாதையைப் பிறகு தா. முதல்ல அந்த லைற்றுக் கம்பத்தில இடியாமல் நிப்பாட்டு."

இவர் அப்படிச் சிரித்து நான் ஏழெட்டு வருசமாகக் கேட்டதில்லை. அதற்காக அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லவேண்டும், இதையும் எழுதிக்கொள்.

தொண்ணூற்றாறு நவம்பரில் இவர் ஆசுப்பத்திரியில் கிடந்தார். கடைசிக்கு முதல் நாள், மத்தியானம். கண்ணைத் திறந்து, "ஜெறோம் வந்திட்டானோ?" என்று கேட்டார். பத்து வருசமாக இவர் அப்படிக் கேட்பதும், நான் 'இல்லையப்பா, இன்னும் இல்லை' என்பதும் வழக்கம். எங்கள் இருவருக்கும் இடையில் மிஞ்சியிருந்த பேச்சே அதுதான். நான் வாயைத் திறக்கமுன்னம் கட்டிலின் மறுபக்கம் நின்ற வினோதன் இவருடைய கையைப் பிடித்துவிட்டான்.

"ஓம் அப்பா, வந்திட்டன்."

"சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டிட்டன் அப்பா."

அடுத்த நாள் விடிய இவர் போய்விட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பிள்ளை பெரிய புண்ணியம் செய்தான் என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லாரும் சொன்னார்கள். நானும் ஓம் என்றேன். ஆனால் பார், நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து காத்திருந்தோம். அந்த மத்தியானம் இவருடைய காத்திருப்பு முடிந்துபோனது. என்னுடையது முடியவில்லை. என்னைத் தனியே நிற்கவைத்தது யார் என்று நீயே யோசித்துப் பார்.

காரை வினோதனுக்குக் கொடு என்பது இவருடைய சொல். தை மாதம் அவன் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே கார் இல்லாமல் சரிவராது. மே கடைசியில் வந்தான். விற்றதாகக் கையெழுத்து வைத்தேன். இங்கே காரின் உரிமைப் பத்திரம் இரண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டு காருக்கு, மற்றது பிளேற்றுக்கு. கார்த் துண்டைக் கிழித்து அவனிடம் கொடுத்தேன்.

"மற்றத் துண்டு, அன்ரி?"

"அது என்னட்டக் கிடக்கட்டும்."

"லைசன்ஸ் ஒபிசுக்குப் போகவேணுமெல்லோ?"

"ஆறுதலாப் போகலாம் தம்பி. அவசரமில்லை."

அவன் குனிந்து பிளேற்றைச் சட்டைக்கையால் துடைத்தான். "ஜெறோம் அண்ணையின்ர பேரைக் கவனமாக் கொண்டு திரிவன், அன்ரி" என்றான். ஊரில் போல அது காரோடு வருகிறது என்று நினைத்தான். நான் திருத்தவில்லை. திருகாணிகள் துருப்பிடித்திருந்தன, என்னால் கழற்ற முடியவில்லை என்று பிறகு பொலிசாருக்குச் சொன்னேன்.

யூலையில் ஒரு ஞாயிறு, என்னைப் பூசைக்குக் கூட்டிப்போக பிறம்ரனிலிருந்து வந்தான். சைவப் பிள்ளை, வாசலில் நின்று காத்திருப்பான். பூசை முடிந்து வரும்போது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அமிர்தநாதர் அவனைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"எட ஜெறோம் தம்பி, உன்ர கார் பங்குச் சுவாமியின்ர காரை மறிச்சு நிக்குது. அவர் என்ன, நடந்தோ போறது?"

"இந்தா எடுக்கிறன், அண்ணை."

அவ்வளவுதான். கூப்பிட்டார், அவன் திரும்பினான், ஓடினான். நான் படியில் நின்றேன். பக்கத்தில் நின்ற வேரோனிக்கா, "உன்ர மகன் நல்ல பணிவான பிள்ளை, கிளடிஸ்" என்றாள். அவள் பாவம், புதிதாக வந்தவள்.

வரும் வழியில் கேட்டேன்.

"ஏன் நீ உன்ர பேரைச் சொல்லேல்லை?"

"விடுங்கோ அன்ரி. காரில கிடக்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடினம். எனக்கும் கேட்டுக் கேட்டுப் பழகீட்டுது."

பழகிவிட்டதாம். எனக்குக் கோபம் வரவில்லை, நிரூபா. கோபம் வந்து செய்தேன் என்று எழுதாதே. வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் புட்டும் மீன்குழம்பும் கொடுத்தேன். மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்திவைத்தேன்.

திங்கட்கிழமை காலை பொலிசுக்குப் போன் எடுத்தேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். என் பிளேற் என்னிடம் இல்லை என்றேன். களவு போய்விட்டதா என்று கேட்டார். ஓம், என் மகனின் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அதில் எந்தச் சொல் பொய்?

வியாழக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் வினோதனை மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரப் பிள்ளை தமிழ் ஆளோடு இந்தக் கதிரையில்தான், நீ இருக்கிற இடத்தில், வந்து இருந்தான். பிளேற்றை அவருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டான். காரைக் கொடுத்தேன், பிளேற்றைக் கொடுக்கவில்லை என்றேன். என்னுடைய துண்டை எடுத்துக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இது விளக்கக் குறைவால் வந்த சின்ன விசயம், ஒரு ரிக்கற் எழுதித் தண்டத்தோடு முடிந்திருக்கும் என்றான். ஆனால் பெயரைக் கொம்பியூட்டரில் போட்டதும் வேறொன்று வந்ததாம். மே மாதம் ஆறாம் திகதி குடிவரவு ஒபிசுக்கு நேரில் வரச்சொல்லி ஒரு தவணை இருந்தது. வினோதன் அதற்குப் போகவில்லை. அவனைக் கைதுசெய்யச் சொல்லிப் பிடிவிறாந்து நிற்கிறது. இனி அவர்கள் விடமாட்டார்கள்.

தடுப்பு முகாமிலிருந்து ஒருநாள் எனக்குப் போன் எடுத்தான்.

"அன்ரி, பிளேற் நீங்கள் தந்தது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. களவெடுத்தவன் எண்டு ஃபைலில எழுதிக் கிடக்காம்."

"நான் பொய் சொல்லமாட்டன், தம்பி."

பிறகு, "சரி அன்ரி, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பேனையை வைத்துவிட்டாய். உன் லோயர் கேட்டு அனுப்பிய கேள்வி இதுதான், எனக்குத் தெரியும். வினோதன் நாலு வருசத்தில் ஒரு தவணையையும் தவறவிட்டதில்லை. விலாசம் மாறியதை ஒபிசுக்கு அறிவித்திருக்கவில்லை என்பது அவனுடைய பிழைதான். ஆனாலும் பழைய விலாசத்துக்கு வந்த கடிதமெல்லாம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆறாம் திகதித் தவணையைச் சொன்ன அந்த ஒரு கடிதம் எங்கே போனது?

கடிதம் இதோ. எடுத்துப் பார்.

"அன்ரி... இது உடைச்சுக் கிடக்கு."

"ஓம் பிள்ளை. வாசிச்சனான்."

திகதியும் நேரமும் வாசிக்க எனக்கு இங்கிலிசு போதும். சித்திரை நடுவில் வந்தது. மற்றக் கடிதங்கள் வந்தால் அன்றைக்கே போனில் சொல்லுவேன், அவன் வந்து எடுப்பான். இதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதாதே. தெரியும். எங்கள் ஆட்கள் இருக்கிற இந்த ரவுன்ஹவுஸ் வீட்டு வரிசையில் யாருக்குத்தான் தெரியாது? ஆறாம் திகதி கழியும்வரை இருந்தேன். அதற்குப் பிறகுதான் அவனைக் கூப்பிட்டுக் காரைக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பொலிஸ் அவனை மறிக்கவேண்டும், அதற்கு அந்தப் பிளேற் காரில் இருக்கவேண்டும். திருகாணிகள் துருப்பிடித்திருக்கவில்லை, அதையும் திருத்தி எழுது. நான் எண்ணெய் போட்டு வைத்திருந்தவை.

அழாதே, பிள்ளை. இந்தா லேஞ்சி, கண்ணைத் துடை. உன்னை நோகப்பண்ண நான் இதைச் சொல்லவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

எல்லாவற்றையும் இராஜேஸ்வரிக்கு அனுப்பு. எந்தத் திகதி, எந்த ரோட்டு, யார் போன் எடுத்தது, ஏன் எடுத்தது, ஒன்றும் விடாமல். அவர் என் முகத்தை நினைத்துத் திட்டலாம், என் பெயரைச் சொல்லிச் சாபம் போடலாம். ஜெறோமை இறக்கியவர்களில் ஒருவன்கூட வந்து இப்படி ஒரு மேசையில் இருந்து எனக்குச் சொன்னதில்லை. நான் அவருக்குச் சொல்கிறேன். அந்த அளவில் அவர் கொடுத்துவைத்தவர்.