வாய் ஓயாத பெயிண்டர்

பெயிண்டர்: இல்ல டாக்டரம்மா, ஏணி மேல ஒரு தப்பும் இல்ல. அது பாவம், நின்ன இடத்துலயேதான் நின்னுச்சு. நான்தான் எட்டி…

டாக்டர்: எட்டிப் பூசப் போனீங்க.

பெயிண்டர்: ஒரே ஒரு சாண் பாக்கி. ஜன்னலுக்கு மேல. இறங்கி ஏணிய நகர்த்திப் போட சோம்பல். இடது விலா நேரா கைப்பிடிச் சுவர்ல போய்… ஆனா ஒண்ணு, விழுந்தும் எந்திரிச்சுப் போய் பெயிண்ட் டப்பாவ மூடி வெச்சேன்.

நர்ஸ்: நல்லா இருக்கே! அடிபட்டது உங்களுக்கு, கவலை டப்பாவுக்கு!

பெயிண்டர்: காஞ்சு போயிடுமே சிஸ்டர்.

டாக்டர்: அசையாதீங்க அண்ணே. தொடை மடிப்புல ஒரு ஊசி போடறேன், மரத்துப் போறதுக்கு. சுருக்குன்னு இருக்கும்.

பெயிண்டர்: ஸ்ஸ்… போட்டாச்சா? சரி, வெட்டுவீங்களா?

டாக்டர்: வெட்டவே போறதில்ல.

பெயிண்டர்: என்னது! மண்ணீரல் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியுதுன்னு நீங்கதானே ஸ்கேன் பாத்துட்டு சொன்னீங்க? வெட்டாம எப்படி…

டாக்டர்: இதோ இந்தக் குழாய் பாருங்க. பேனா ரீஃபிளை விட ஒல்லி. இத தொடை வழியா ரத்தக்குழாய்க்குள்ள விட்டு, எக்ஸ்ரே படம் பாத்துக்கிட்டே மண்ணீரல் வரைக்கும் ஓட்டிட்டுப் போவேன். கசியற இடத்த உள்ளேர்ந்தே அடைச்சிடுவேன்.

பெயிண்டர்: தொடையிலேர்ந்து… விலா வரைக்கும்… சும்மா விளையாடறீங்க!

நர்ஸ்: எண்பத்தாறு, டாக்டர்.

பெயிண்டர்: என்ன சிஸ்டர் எண்பத்தாறு?

நர்ஸ்: அது… பெட் நம்பர் அண்ணே.

பெயிண்டர்: இந்த ரூம்ல இருக்கறதே ஒரு மேஜைதானே?

டாக்டர்: அண்ணே, அந்தத் திரையப் பாருங்க. வந்துட்டேன்.

பெயிண்டர்: எங்க? ஒரு கோடுதான் மேல ஏறுது… அய்யய்யோ! அது என் உள்ளயா போகுது?

டாக்டர்: உங்க உள்ளதான்.

பெயிண்டர்: எனக்கு ஒண்ணுமே தெரியலையே! எறும்பு ஊர்ற மாதிரி கூட இல்ல! சிஸ்டர், பாத்தீங்களா? போயிட்டே இருக்கு!

நர்ஸ்: நான் தினம் பாக்கறேன் அண்ணே. நீங்க பாருங்க.

டாக்டர்: கசிவு படத்துல தெரியறதுக்கு இப்போ சாயம் விடப் போறேன். வயித்துல சூடா பரவும். சொன்னதும் மூச்சப் பிடிங்க, பேசக் கூடாது.

பெயிண்டர்: சாயமா? எந்தக் கம்பெனி? சில கம்பெனி சரக்கு ரெண்டு நாள்ல வெளுத்துடும், நான் இப்பவே சொல்லிட்டேன்…

டாக்டர்: பிடிங்க!

பெயிண்டர்: …

டாக்டர்: ஆச்சு.

பெயிண்டர்: …

நர்ஸ்: அண்ணே? அண்ணே! இங்க பாருங்க! டாக்டர், பேச்சக் காணோம்…

பெயிண்டர்: மூச்ச விடுன்னு யாரும் சொல்லவே இல்லையே!

நர்ஸ்: உங்கள! என் உயிரே போயிடுச்சு!

டாக்டர்: அண்ணே, இப்போ படத்தப் பாருங்க. இந்தக் கிளை கிளையா பிரியறது மண்ணீரல். அதோட ஓரத்துல…

பெயிண்டர்: புகை மாதிரி. மழைக்கு சுவர்ல ஓதம் ஏறுமே, அப்படி. அதுவா?

டாக்டர்: அதேதான். அங்க போய்ச் சேரணும். ஆனா வழிதான்… உங்க ரத்தக்குழாய் ரொம்ப வளைஞ்சு வளைஞ்சு போகுது. ரெண்டு திருப்பம் தாண்டிட்டேன். மூணாவதுல… ப்ச். வழுக்கிடுச்சு.

பெயிண்டர்: விடாதீங்க டாக்டரம்மா!

டாக்டர்: இருங்க… ப்ச். மறுபடியும். சிஸ்டர், இன்னும் ஒல்லியா ஒண்ணு எடுங்க.

நர்ஸ்: இந்தாங்க. எழுபத்தெட்டு, டாக்டர்.

பெயிண்டர்: பெட் மாறிடுச்சா சிஸ்டர்?

நர்ஸ்: ஆமா அண்ணே… மாறிடுச்சு. இன்னொரு ரத்தப் பை மாட்டறேன், கைய நீட்டி வையுங்க.

பெயிண்டர்: ம்… எங்க விட்டேன்… ஆங், நான் பெயிண்ட் அடிச்ச அந்த வீட்டோட ஓனர். மூணு தடவ கலர் மாத்தினாரு. முதல்ல பச்சை. அப்புறம் பாசிப் பச்சை. அப்புறம்… அவரு மச்சான் வந்து…

டாக்டர்: வந்து?

பெயிண்டர்: வந்து… எங்க வீட்டுல சமையல்கட்டுக்கு மஞ்சள் கலர் கேட்டா… என் பொண்டாட்டி. நாலு வருஷமா…

டாக்டர்: என்ன மஞ்சள் அண்ணே? எலுமிச்சை மஞ்சளா?

பெயிண்டர்: அது… இல்ல… எலுமிச்சை வேற…

டாக்டர்: அப்போ எது? சொல்லுங்க! எனக்கும் வீட்டுக்கு அடிக்கணும்!

பெயிண்டர்: காலை வெயில்… சுவர்ல விழுமே… அந்த… அந்த மாதிரி…

நர்ஸ்: கண்ணத் திறங்க அண்ணே! திரையில பாருங்க!

டாக்டர்: குழாயே, திரும்பு… திரும்பு கண்ணு… திரும்பிடுச்சு! அண்ணே, திருப்பம் தாண்டியாச்சு!

பெயிண்டர்: எங்க… எங்க? ஆ! தெரியுது! கோடு உள்ள போயிடுச்சு!

டாக்டர்: இனி சுருள். முடி மாதிரி மெல்லிசா பிளாட்டினம். உள்ள போனதும் தானா சுருண்டு அடைச்சுக்கும்.

பெயிண்டர்: பிளாட்டினமா! பொண்டாட்டிக்கு ஒரு தோடு வாங்கித் தந்ததில்ல, எனக்கு வயித்துக்குள்ள பிளாட்டினமா!

டாக்டர்: ஒண்ணு. சரியா உக்காந்துடுச்சு. ரெண்டு… மூணு. மூச்சப் பிடிங்க, சாயம் விட்டுப் பாப்போம்.

பெயிண்டர்: …

டாக்டர்: விடுங்க, விடுங்க. என்ன தெரியுது, நீங்களே சொல்லுங்க.

பெயிண்டர்: கிளை இருக்கு… ஓரம்… புகை இல்லையே. டாக்டரம்மா, புகை இல்ல! நின்னுடுச்சா?

டாக்டர்: நின்னுடுச்சு!

நர்ஸ்: தொண்ணூத்தாறு டாக்டர்! நூத்தி நாலு… நூத்திப் பத்து!

பெயிண்டர்: என்ன சிஸ்டர், பெட்டு ஓடிக்கிட்டே இருக்கு?

நர்ஸ்: பெட்டாவது ஒண்ணாவது! பிபி அண்ணே, பிபி! ஏறுது!

பெயிண்டர்: அடேங்கப்பா! அப்போ மண்ணீரல எடுக்கலையா?

டாக்டர்: எடுக்கல. இருந்த இடத்துலயே இருக்கும். தொடையில ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். நாலஞ்சு நாள் இங்கயே வெச்சுப் பாப்போம். மூணு மாசத்துக்கு ஏணிப் பக்கம் தலை வெச்சுக்கூட படுக்கக் கூடாது.

பெயிண்டர்: தையல் இல்ல, தழும்பு இல்ல. இத போய்ச் சொன்னா சைட்ல எவன் நம்புவான்!

டாக்டர்: சிஸ்டர், வெளிய அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. பாவம், வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்காங்க… அண்ணே, இப்போ சொல்றேன். பக்கத்து ரூம்ல ஆபரேஷன் டாக்டர்ங்க கை கழுவிட்டு ரெடியா நின்னாங்க. உங்களுக்கு நினைவு தப்பினா அப்படியே அங்க கொண்டு போய் வயித்தத் திறக்கறதா இருந்தோம். பயப்படுவீங்கன்னு சொல்லல.

பெயிண்டர்: ம்.

டாக்டர்: என்ன, இப்போ ‘ம்’மோட நிறுத்திட்டீங்க? முக்கா மணி நேரமா வாய் ஓயல!

நர்ஸ்: சொல்லிட்டு வந்துட்டேன் டாக்டர். அந்தம்மா பிடிச்ச கைய என்னால விடுவிக்கவே முடியல, அவ்வளவு சந்தோஷம். ஆனா ஒரு விஷயம். ‘உள்ள உங்க வீட்டுக்காரர் பேசிப் பேசியே எங்கள ஒரு வழி பண்ணிட்டாரு’ன்னேன். நம்பவே மாட்டேங்கறாங்க. ‘அவரா? கல்யாணமாகி பதினாறு வருஷத்துல மொத்தமா அவ்வளவு பேசினதில்லையே, வேற யாரையாவது பாத்துட்டு வந்தீங்களா’ன்னு கேக்கறாங்க!

பெயிண்டர்: அவ சொல்றது நிஜம்தான் சிஸ்டர்… ஊசி போடறதுக்கு முன்னாடி கதவுக்கு வெளிய நீங்க ரெண்டு பேரும் ‘பேச்சு நின்னா உடனே வெட்டிடணும்’னு பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. பாதியில கொஞ்ச நேரம் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு, திரை கூட சரியா தெரியல… அதான் வாய மட்டும் மூடல.