பனிக்காலத்தில் தூவிய விதை

அந்தப் போர்வைய எடுக்காதீங்க தம்பி. காயப் போட்டதில்ல அது. வேணும்னுதான் விரிச்சு, மூலைக்கு மூலை செங்கல் வச்சிருக்கேன். நீங்க போனதும் எடுத்துருவேன். மத்த புல்லு பூராவும் களை மருந்து தூவுங்க. அந்தப் படியோரத்துல மட்டும் ஒரு குருணைகூட விழக்கூடாது.

சேச்சே, உங்க கம்பெனி மேல எனக்கென்ன கோவம்? உங்கள வரச்சொன்னது எம்மக ஜனீன். என் முட்டிவலிய நெனச்சு, கொலம்பஸ் ஊர்ல இருந்துக்கிட்டே போன்ல ஏற்பாடு பண்ணிட்டா. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. எதிர்வீட்டு டுவெயின் மஞ்சப்பூச் செடி பூத்த அன்னைக்கே, குளிர் போயிருச்சுன்னு மருந்தத் தூவிட்டாரு. ரெண்டு நாள் வெயிலடிச்சா அந்தச் செடி ஏமாந்து பூத்துரும். மண்ணு ஏமாறாது. நான் தெனமும் காலையில மண்ணுக்குள்ள தெர்மாமீட்டரச் சொருகிப் பாக்குறேன். இப்பத்தான் ஃபாரன்ஹீட்டுல அம்பத்தஞ்சு டிகிரிக்கு வந்து நிக்குது. நண்டுக்கால் மாதிரி பரவுமே, அந்தக் களை முழிக்கிற நேரம். ஆர்டிஸ் கேலி பண்ணுவா. என் வீட்டுக்காரி. எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கைய வச்சுப் பாத்தாப் போதும், மண்ணுக்கு மட்டும் தெர்மாமீட்டரான்னு கேப்பா.

என்னது? ஆமா, வெறுந்தரையிலதான் களை மொதல்ல வரும். தெரியும். ஆனா உங்க மருந்துக்கு எது களை, எது நல்ல புல்லுன்னு தெரியாதே. முளைக்கிற எதையும் வேர் பிடிக்க விடாது. அந்தப் போர்வைக்குக் கீழ புல்லு விதை கெடக்கு.

நான் போடல. ஆர்டிஸ்தான் போட்டா. பிப்ரவரில, தரை இறுகிக் கெடந்தப்ப. ராத்திரி உறைஞ்சு, பகல்ல இளகி, மண்ணே வாயத் தொறந்து விதைய உள்ள வாங்கிக்கும்ல, அந்தக் கணக்கு. போன வருஷம் அவ வழுக்கி விழுந்துறக் கூடாதேன்னு, பனி உருகட்டும்னு படியெல்லாம் உப்பாக் கொட்டினேன். ஓரத்துப் புல்லு பூரா செத்துப்போச்சு. ஏன் வெர்ன், படிய ஊறுகாய் போடுறியான்னு என்னத் திட்டினா. இந்த வருஷம் மணலுக்கு மாறிட்டேன்.

ஒருநாள் காபி டப்பால விதைய அள்ளிக்கிட்டுக் கெளம்பிட்டா. மூக்குல ஆக்சிஜன் குழாய். அது கதவு வரைக்கும்தான் எட்டும். கழட்டிக் கைப்பிடில மாட்டிட்டு எறங்கிட்டா. குடு, நான் தூவுறேன்னேன். நீ ஒவ்வொண்ணா எண்ணிப் போடுவ, அதுக்குள்ள கோடையே வந்துரும்னா.

செப்டம்பர்ல நீங்களே வந்து விதை போட்டுத் தர்றீங்களா? சும்மாவேவா? நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஆனா அது வேற விதை. இங்க களை வந்தா வரட்டும், உக்காந்து கையால புடுங்கிக்கிறேன். முட்டி வலிச்சா வலிக்கட்டும்.

எங்க வீட்டம்மாகிட்ட நீங்க பேசிப் பாக்குறீங்களா? அவ வீட்டுல இல்ல தம்பி. மார்ச்சுல போய்ச் சேந்துட்டா. அடக்கம் பண்ணிட்டுத் திரும்பி வந்தப்ப அந்த எடத்துல இன்னும் பனி கெடந்துச்சு. விதை ஒண்ணும் தலை காட்டல. மண்ணு இப்பத்தான சூடாகுது.

நீங்க வேலிப் பக்கம் இருந்து ஆரம்பிங்க. காத்து இப்போதைக்குப் படிய விட்டு அந்தப் பக்கமாத்தான் அடிக்குது.