அஸ்த்ரிக்குத் தண்ணீர் இறைத்த இரவு

இரவு பத்தரை மணி. படகுப் பட்டறையிலிருந்து கடலுக்கு இறங்கும் சரளைப் பாதையில் ஈ காக்கை இல்லை... நெருப்பைக் கொஞ்சம் தூண்டிவிட்டு நெருங்கி உட்காருங்கள். என் சிநேகிதன் ஹால்வரின் தங்கை புருஷன் ஐலிஃபுக்கு நடந்தது இது.

அவன் ஆறு வருடம் இழைத்து இழைத்து மறுபடி உயிர் கொடுத்த பழைய பந்தயப் படகு அஸ்த்ரி. ஒரு காலத்தில் நார்வேயிலேயே அவளை முந்த ஆள் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஒரு பந்தயம். முன்தளத்தில் நின்ற பேடர் என்பவனை அலை வாரிக்கொண்டு போனது. படகை ஓட்டிய முதலாளி பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார்... முடிவுக் கோடு கைக்கெட்டும் தூரம். படகைத் திருப்பவில்லை. கோப்பை கிடைத்தது. பேடர் கிடைக்கவில்லை. அதன்பின் அவளை வாங்கிய யாரும் இரண்டு கோடைக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. கடைசியில் கொட்டகையில் நாற்பது வருடம் காய்ந்தாள்.

காய்ந்த மரப்படகைக் கடலில் இறக்கினால் பலகை இடுக்கெல்லாம் ஒழுகும். மரம் நீர் குடித்து உப்பி இடுக்கை அடைக்கும்வரை ஒருவன் உள்ளே உட்கார்ந்து இறைக்க வேண்டும். விட்டால் விடிவதற்குள் படகு கடலுக்கு அடியில்.

"என்னைக் கட்டினியா, அவளைக் கட்டினியா?" என்று, ஐலிஃப் படகை இறக்கிய அன்று ராத்திரி வாசலில் கேட்டாள் மனைவி சுன்னிவா.

"இன்னிக்கு ஒரு ராத்திரிதான். நீ போய்த் தூங்கு."

கரையிலிருந்து நூறடி தள்ளி, மிதவையில் கட்டியிருந்தது படகு. உள்ளே தார் வாடை, ஊறிய சணல் வாடை. கைப்பம்பு... சடக், சளப். சடக், சளப். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு வெளியே ஒரு குரல். ஆண் குரல்.

"ஆள் தண்ணியில... திருப்புங்க!"

ஐலிஃபின் கை நின்றது. உடனே நீர் ஒரு விரல் ஏறியது.

மூழ்கிச் செத்தவன் இரவில் கூப்பிடுவான், பதில் சொன்னால் போச்சு... எங்கள் கரையில் இது தெரியாத பிள்ளை கிடையாது. ஐலிஃப் பல்லைக் கடித்துக்கொண்டு இறைத்தான்.

"ஐலிஃப்!"

இப்போது பெண் குரல். சுன்னிவாவின் குரலேதான்.

"அடப்பாவி, என் பொண்டாட்டி குரல்லயே கூப்பிடுறியா?" என்று முணுமுணுத்தான். வாய் திறந்து பதில் சொல்லவில்லை. சடக், சளப். மூன்று முறை கூப்பிட்டது... அப்புறம் அடங்கிப்போனது.

நான்கு மணிக்கு ஒழுக்கு நின்றது. அஸ்த்ரி பிழைத்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக மேலே ஏறி வந்தான். கிழக்கு வெளுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தோணி கவிழ்ந்து மிதந்தது. அவன் வீட்டுத் தோணி. பக்கத்தில் காப்பி பிளாஸ்க்.

மிதவை ஓரமாகச் சுன்னிவாவின் தலை மட்டும் தெரிந்தது. உயிர் இருந்தது. மே மாதக் கடலில் ஒரு மணி நேரம்கூட ஆள் தாங்காது என்கிறார் டாக்டர். அவள் கிடந்ததோ இரண்டு மணி நேரம். மிதவையையும் அவள் பிடித்திருக்கவில்லை... இரண்டு கையும் விறைத்து விரிந்து கிடந்தன.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் புருஷன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணன் ஹால்வரிடம் மட்டும் சொன்னாள்.

"பின்னாலேருந்து ஒருத்தர் என்னைத் தாங்கிப் பிடிச்சிருந்தார்ண்ணா. ஐஸ் மாதிரி கை. முதல்ல அவரும் என்கூடச் சேர்ந்து கத்தினார். அப்புறம் காதுகிட்ட வந்து மெதுவா சொன்னார்...

'கத்தாதேம்மா. அவங்க திரும்ப மாட்டாங்க.'"